அருகுபோல் வேரூன்ற: மெலிந்த புல்தரைக்கு விதையா, கணுவா?

அண்ணா நகர் மேற்கிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 67. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டின் முன்புறம் சுமார் 600 சதுர அடியில் ஒரு புல்தரை. 2006இல் அவருடைய கணவர் தம் கையாலேயே நட்டது. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு புல் மெலிந்துகொண்டே வந்து, இப்போது பாதி இடத்தில் மண் தெரிகிறது. மாமரத்தடியில் அறவே இல்லை. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் தெளிக்கிறார். சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரையும் வாளியில் பிடித்துப் புல்லுக்கே ஊற்றுகிறார். ஆண்டுதோறும் தை மாதத்தில் செம்மண் வாங்கிப் பரப்புகிறார். மாதம் ஒருமுறை வரும் தோட்டக்காரர் தரையை ஒட்ட வெட்டிவிட்டுப் போகிறார். “புல்லுக்கு வயதாகிவிட்டது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதுப்புல்லைப் பாய்போல் விரித்துவிடலாம், 45,000 ரூபாய் ஆகும்” என்கிறார் அவர். “டைல்ஸ் போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது” என்கிறார் மகள்.

மகன் அமெரிக்காவில் ஓஹியோவில் இருக்கிறார். ஜூலையில் வந்தபோது பெட்டியில் மூன்று கிலோ புல் விதை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். “இலையுதிர்காலம் தொடங்கும்போது, இருக்கிற புல்லின் மேலேயே விதையைத் தூவிவிட வேண்டும் அம்மா. இங்கே எல்லோரும் செப்டம்பரில் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விதைகள் பச்சை வண்ணம் பூசியவையாக இருக்கின்றனவாம். தூவலாமா, எந்த வாரம் தூவலாம், தூவக் கூடாதென்றால் புறாக்களுக்காவது போடலாமா என்பவை வாசகியின் கேள்விகள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “அவர் நட்ட புல் அவரோடு போய்விட்டதோ என்று சில நாள் காலையில் தோன்றுகிறது.” கடிதத்தோடு ஆறு படங்களும் வந்திருக்கின்றன.

அன்புள்ள அம்மாவுக்கு,

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த விதையைத் தூவாதீர்கள். இந்த வாரமும் வேண்டாம், மார்கழிக் குளிரிலும் வேண்டாம். புறாக்களுக்கும் போடாதீர்கள். ஆனால் புரட்டாசி பிறந்திருக்கும் இந்த நாட்கள், உங்கள் புல்தரையைச் சரிசெய்வதற்கு உண்மையிலேயே நல்ல நாட்கள். மகன் சொன்ன காலம் ஏறக்குறைய பொருந்துகிறது, பொருள்தான் பொருந்தவில்லை.

உங்கள் கடைசி வரிக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் இருக்கிறது அது. சற்றுப் பொறுங்கள், அங்கே வருகிறேன்.

மகன் சொன்னது அவருடைய ஊருக்குச் சரி

ஓஹியோவில் வளர்வது வேறு இனப் புல். கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ரை புல் என்று உங்கள் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் மூன்றும் குளிர்நாட்டுப் புற்கள். கோதுமை, பார்லியின் நெருங்கிய உறவுகள். காற்றின் வெப்பம் 15 முதல் 24 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அவை செழிக்கும். கோடையில் சோர்ந்து, சொட்டை விழும். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை அங்கே மண் கோடையின் சூட்டை இன்னும் வைத்திருக்கும்; காற்று மட்டும் குளிரத் தொடங்கியிருக்கும். சூடான மண் விதையை முளைக்க வைக்கும், குளிர்ந்த காற்று நாற்றை வாட விடாது. கோடைக் களைகளும் அப்போது ஓய்ந்துகொண்டிருக்கும். பனிக்காலத்துக்கு முன் ஒரு வளர்ச்சி, வசந்தத்தில் இன்னொரு வளர்ச்சி என இரண்டு பருவங்களைத் தாண்டிய பிறகுதான் அந்தப் புல் அடுத்த கோடையைச் சந்திக்கும். அதனால்தான் அங்கே வசந்தத்தைவிட இலையுதிர்காலத்தில் விதைப்பது மேல் என்கிறார்கள்.

அங்கேயும் வெறுமனே தூவிவிட்டுப் போவதில்லை. இருக்கும் புல்லைக் குட்டையாக வெட்டி, மண்ணில் துளைகள் போட்டு, விதை மண்ணைத் தொடும்படி வாரி, முளைக்கும்வரை மேல்மண் காயாமல் தினமும் பலமுறை லேசாக நனைக்கிறார்கள். ரை புல் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். புளூகிராஸ் மூன்று, நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். நம் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ போல அது அவர்களுடைய பட்டம். உங்கள் மகன் அதைச் சரியாகத்தான் கற்றுவைத்திருக்கிறார். அம்மாவின் புல் வாடுகிறதே என்று பெட்டியில் மூன்று கிலோவுக்கு இடம் ஒதுக்கிக் கொண்டுவந்த பிள்ளை அவர். அவரிடம் இதைக் குற்றமாகச் சொல்ல வேண்டாம்.

சென்னையில் அந்தக் கணக்கு ஏன் செல்லாது

உங்கள் தரையில் இருப்பது அருகம்புல் வகை. மெல்லிய, சாம்பல் கலந்த பச்சை இலையும், தரையோடு ஊர்ந்து போகும் கணுத்தண்டும் படங்களில் தெளிவாகத் தெரிகின்றன. அமெரிக்கர்கள் ‘பெர்முடா கிராஸ்’ என்று சொல்வதும் இதே இனத்தைத்தான். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் புல்லுக்கு அங்கே அப்படி ஒரு பெயர். கரும்பு, மக்காச்சோளம், கேழ்வரகு போல இது வெப்பத்தில் செழிக்கும் பயிர். வெயில் ஏற ஏற இதற்குத் தெம்பு.

சென்னையில் செப்டம்பரில் பகல் வெப்பம் 33, 34 டிகிரி. மார்கழி, தையிலும் இரவில் 20 டிகிரிக்குச் சற்றுத்தான் மேலே கீழே போகும். பகலில் மறுபடி 29, 30. இந்தச் சூட்டில் குளிர்நாட்டு விதையைத் தூவினால் இரண்டில் ஒன்று நடக்கும். இப்போதே தூவினால் முளைத்த நாற்று வெயிலிலும் பூஞ்சையிலும் அழுகும். டிசம்பர் இறுதியில் தூவினால் முளைக்கும். பொங்கலுக்குப் பளிச்சென்று பச்சையாகவும் இருக்கும். இதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பங்குனி வெயில் ஏறியதும் அது மொத்தமாகக் கருகிவிடும். அதுவரை உங்கள் அருகம்புல்லின் வெளிச்சத்தையும் சத்தையும் அது பங்குபோட்டிருக்கும். போகும்போது இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிய சொட்டையை விட்டுவிட்டுப் போகும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெர்முடா புல்லின் மேல் ரை புல்லைத் தூவும் வழக்கம் உண்டு. மகன் அதைக் காட்டி உங்களிடம் வாதிடலாம். குளிர்காலத்தில் அங்கே பெர்முடா வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். பார்வைக்குப் பச்சை வேண்டும் என்பதற்காக அந்த நான்கு மாதத்துக்கு மட்டும் ரை புல்லை வளர்க்கிறார்கள். நம் அருகம்புல் சென்னையில் உறங்குவதே இல்லை. அதற்கு மாற்று ஆள் தேவையில்லை.

மழையையும் நினைத்துப் பாருங்கள். நமக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. ‘ஐப்பசி மாதம் அடைமழை’ என்ற பழமொழியை நீங்கள் எத்தனை வகுப்புகளில் சொல்லிக்கொடுத்திருப்பீர்களோ! அந்த மழையில் மேலாகத் தூவிய விதை ஒரே இரவில் கேட்டைத் தாண்டி மழைநீர் வடிகாலுக்குப் போய்விடும். மழை வராத நாட்களில் எறும்புகள் இழுத்துக்கொண்டு போகும்.

புல்லுக்கு வயதாகவில்லை

தோட்டக்காரர் சொன்னதில் நான் அழுத்தமாக மறுப்பது இதைத்தான். அருகம்புல்லுக்கு நெல்போல ஆயுள் முடிந்து சாயும் பழக்கம் இல்லை. பழைய தண்டு மடிய, புதுக் கணு வேர்விட, அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே போகும். மெலிகிறது என்றால் ஏதோ ஒன்று அதை மெலிய வைக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் விதை தூவினாலும் சரி, 45,000 ரூபாய்க்குப் புதுப்புல் விரித்தாலும் சரி, இரண்டே ஆண்டில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். உங்கள் கடிதத்திலும் படங்களிலும் எனக்கு ஐந்து காரணங்கள் தெரிகின்றன. அவற்றில் சில நீங்கள் அக்கறையோடு செய்பவை என்பதால் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்.

மாமரம் முதல் காரணம். 2006இல் அது கன்றாக இருந்திருக்கும். இன்று அதன் கவிகை பாதித் தரையை மூடியிருக்கிறது. அருகம்புல்லுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் அது இளைத்து, நீண்டு, கடைசியில் விட்டுப்போகும். உங்கள் கணவர் இருந்தவரை தாழ்ந்த கிளைகளை ஆண்டுதோறும் கழித்துவந்தார் என்று நீங்களே ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளாக யாரும் கழிக்கவில்லை. புல் மெலியத் தொடங்கியதும் அப்போதிருந்துதான்.

இரண்டாவது, தண்ணீர். காலையும் மாலையும் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைக்கிறது. அண்ணா நகர்ப் பக்கம் களிமண். தண்ணீர் உள்ளே இறங்க நேரம் எடுத்துக்கொள்ளும். மேலேயே ஈரம் கிடைத்தால் வேர் ஏன் கீழே போகப்போகிறது? ஒரு நாள் நீங்கள் ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் வாடுவது அதனால்தான். மழையில்லாத வாரத்தில் இரண்டு முறை போதும். ஆனால் ஒரு சாண் ஆழத்துக்கு நனைய வேண்டும். பாய்ச்சிய மறுநாள் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள். கைப்பிடிவரை இறங்கினால் சரி. இரண்டு விரல்கடையோடு நின்றுவிட்டால் ஒன்று தண்ணீர் போதவில்லை, அல்லது மண் இறுகிப்போயிருக்கிறது. கேட்டிலிருந்து படிவரை குறுக்கே தெரியும் அந்தத் தடத்தில் இறுகித்தான் இருக்கும். எல்லோரும் நடக்கும் வழி அது. அங்கே புல்லை எதிர்பார்க்காமல் நான்கைந்து கடப்பைக் கற்களை அடிக்கு ஒன்றாகப் பதித்துவிடுங்கள்.

ஆர்.ஓ. நீர் மூன்றாவது. குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. வீணாக்கக் கூடாது என்ற உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. 2019 கோடையைச் சென்னையில் கடந்தவர்கள் யாராலும் ஒரு வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. அதை முற்றம் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் உப்பு தங்கித் தங்கி, காய்ந்த நாட்களில் வெள்ளையாகப் பூக்கும். உங்கள் நான்காவது படத்தின் ஓரத்தில் அது தெரிகிறது. வரப்போகும் மழை அதில் பெரும்பகுதியைக் கழுவிவிடும். மறுபடி சேர விடாமல் இருந்தால் போதும்.

அடுத்தது செம்மண். புல்தரைக்குச் செம்மண் கொட்டுவது நம் ஊரில் சடங்குபோல் ஆகிவிட்டது. எங்கோ ஏரிக்கரையிலோ வயலிலோ வெட்டி வரும் மண்ணில் கோரைக்கிழங்கு இல்லாமல் இருப்பது அரிது. உங்கள் தரையில் ஆங்காங்கே பளபளப்பாக, மற்றப் புல்லைவிட உயரமாக நிற்பது புல் அல்ல, கோரை. தண்டைப் பிடித்துப் பாருங்கள், முக்கோணமாக இருக்கும். கையால் பிடுங்கினால் இலை வந்துவிடும், கிழங்கு உள்ளேயே நின்று மறு வாரம் தளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தால் ஆழமாக நெம்பிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். ஒரே நாளில் முடியாது. வாரம் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணுக்கு இந்த ஆண்டோடு விடை கொடுங்கள். அதற்குப் பதில் நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ சலித்துப் போடுங்கள்.

ஐந்தாவது, வெட்டும் முறை. மாதம் ஒருமுறை வளர விட்டு ஒரேயடியாகத் தரையோடு மழித்தால், இலையெல்லாம் போய்த் தண்டு மட்டும் நிற்கும். இலைதான் அதன் அடுப்பு. அடுப்பில்லாமல் வேருக்கு எங்கிருந்து சோறு போகும்? உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வெட்டில் எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை, மூன்று சென்டிமீட்டர் உயரம் நிற்கும்படி வெட்டச் சொல்லுங்கள். தோட்டக்காரரிடம் இதைக் குறையாகச் சொல்லாமல், கூலியைப் பேசி முறையை மாற்றுங்கள். மாதம் மூன்று முறை வர வேண்டுமென்றால் அவருக்கும் அது கட்டுப்படியாக வேண்டும்.

அந்த மூன்று கிலோ விதை

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து விதைப்பதற்கான விதையைக் கொண்டுவர, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அதிகாரிகள் தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் கொண்டுவரும் சிறு பொட்டலத்துக்கும் இது பொருந்தும். பெரும்பாலானவர்களுக்கு இது தெரிவதில்லை, உங்கள் மகனுக்கும் தெரிந்திருக்காது. பயமுறுத்த இதை எழுதவில்லை. விதையோடு களைவிதை, பூஞ்சை, பூச்சி எது வந்தாலும் அது உங்கள் மதில் சுவரோடு நிற்காது. 1950களில் இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகச் சொல்லப்படும் பார்த்தீனியம் இன்று காலி மனைகளில் எல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள்.

எனவே பொட்டலத்தைப் பிரிக்காமல், பிரித்திருந்தால் நன்றாகக் கட்டி வையுங்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் கொடுக்க வேண்டாம். குப்பையிலோ உரக்குழியிலோ கொட்ட வேண்டாம். மீனம்பாக்கத்தில் மத்திய அரசின் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் இருக்கிறது. அங்கே விவரத்தை மறைக்காமல் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். விதைமேல் பச்சைப் பூச்சு இருக்கிறது என்றீர்களே, அதில் உரமோ பூஞ்சைக்கொல்லியோ கலந்திருக்கலாம். புறாக்களுக்கு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் அதுதான்.

புதுப்பாயா, டைல்ஸா?

45,000 ரூபாய் யோசனையை முற்றாகத் தவறென்று சொல்ல மாட்டேன். தரை முழுவதும் செத்துப்போயிருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். உங்களிடம் பாதிப் புல் உயிரோடு இருக்கிறது. பிறகு எப்போதாவது அந்த முடிவுக்கு வந்தால், என்ன வகைப் புல், எத்தனை அங்குல மண் மாற்றுவார்கள், எத்தனை மாதத்துக்குள் பட்டுப்போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காமல் செய்யுங்கள். நர்சரியில் விற்கும் மெக்சிகன் புல்லோ கொரியன் புல்லோ எதுவானாலும், வெட்டி வந்த பத்தைகள் பழைய இறுகிய மண்மேல் விரித்தால் ஒட்டாது.

டைல்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வது என் சொந்தக் கருத்து, உரத்துச் சொல்கிறேன். 600 சதுர அடியில் ஓராண்டில் விழும் மழை ஏறக்குறைய 78,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஆறு லோடுக்கு மேல். தமிழ்நாட்டில் 2003 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தொட்டி கட்டி, குழாய் வைத்து நாம் செய்ய முயல்வதை உங்கள் புல்தரை பல ஆண்டுகளாகச் செலவில்லாமல் செய்துவருகிறது. டைல்ஸ் போட்டால் அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போகும், சித்திரை வெயிலில் அந்தத் தளம் வாசல் அறையைச் சூடாக்கும். மகள் கவலைப்படுவது உங்கள் முழங்காலைப் பற்றியும் உங்கள் சிரமத்தைப் பற்றியும்தான். அந்தக் கவலைக்கு மதிப்பு கொடுத்து, உடம்பை வருத்தும் வேலைக்கு மட்டும் ஆள் வையுங்கள்.

மூன்றாவது படம்

இப்போது குழாயடிக்கு வருகிறேன். வாசல் குழாய்க்கு அருகே, படியின் விளிம்பில், இரண்டு கை அகலத்துக்குப் புல் மெத்தையாக வளர்ந்திருக்கிறது. மாமர நிழல் அங்கே எட்டவில்லை, தண்ணீர் ஆழமாக இறங்குகிறது, கால் படுவதில்லை, தோட்டக்காரரின் கத்தியும் சுவர் ஓரத்துக்குப் போவதில்லை. உங்கள் தரையில் மற்ற இடங்களில் இல்லாதது எதுவென்று அந்த மூலையே எழுதிக் காட்டுகிறது. அங்கிருந்து ஒரு தண்டு சிமென்ட் படிமேல் ஏறி ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருக்கிறது. அதை மெதுவாக எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஏழெட்டுக் கணுக்கள் இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் மேல்பக்கம் ஒரு சிறு இலைக்குருத்து, கீழ்ப்பக்கம் குண்டூசி முனைபோல் வெள்ளையாக ஒரு வேர்முளை. மண் கிடைக்காமல் காத்திருக்கிறது.

‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்தின் தாவரவியல் அந்தக் கணுவில்தான் இருக்கிறது. அருகு விதையால் பரவுவது குறைவு. கணுவால் ஓடி, ஓடிய இடத்தில் ஊன்றும். ஒரு துண்டிலிருந்து வருவது அதன் பிள்ளை அல்ல, அதே செடி. உங்கள் கணவர் 2006இல் நட்ட துண்டுகளில் ஒன்றுதான் இன்று குழாயடியில் நிற்பது. அது போய்விடவில்லை அம்மா. அதை எடுத்து மற்ற இடத்தில் நடுவதுதான் நான் சொல்லும் வைத்தியம்.

நடும் முறை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் துண்டுகள் வேர்பிடிக்க மூன்று வாரமாவது வேண்டும். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் நட்டுவிடுங்கள். முடியாமல் போனால் அவசரப்பட்டு அடைமழையில் நட வேண்டாம். தை நடுவிலிருந்து மாசிவரை அடுத்த வாய்ப்பு இருக்கிறது, அப்போது தண்ணீர் மட்டும் நீங்கள் பாய்ச்ச வேண்டியிருக்கும்.

முதலில் மரம். மாம்பழ அறுவடை முடிந்த ஆடியில்தான் பெரிய கவாத்து செய்ய வேண்டும். இப்போது பெரிதாக வெட்டினால் வரும் பருவத்துப் பூ குறையும். எனவே தலைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும் கிளைகளை மட்டும் இப்போது கழியுங்கள், மற்றது அடுத்த ஆண்டு. அப்படியும் அடிமரத்தைச் சுற்றி நான்கு மணி நேர வெயில்கூட வராத இடம் ஒன்று மிஞ்சும். அங்கே அருகோடு மல்லுக்கட்டாதீர்கள். நிழலைத் தாங்கும் அகன்ற இலைப் புல் ஒன்றை நர்சரிகளில் ‘பஃபலோ புல்’ என்று விற்கிறார்கள், அதை நடலாம். அல்லது மாவிலைச் சருகை அப்படியே விட்டு ஒரு பெஞ்சு போட்டுக்கொள்ளலாம். நானாக இருந்தால் பெஞ்சுதான்.

வெயில் படும் சொட்டைகளில், தண்ணீர் பாய்ச்சிய மறுநாள், மெல்லிய கடப்பாரையால் அரை அடிக்கு ஒன்றாக ஒரு சாண் ஆழத்துக்குத் துளை போடச் சொல்லுங்கள். அதன்மேல் சலித்த மண்புழு உரத்தை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பித் துளைகளுக்குள் விழும்படி பெருக்குங்கள். சொட்டைகளுக்கு மட்டும் மூன்று மூட்டை போதும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; கொஞ்சம் மணலும் களியும் சேர்ந்தால் செங்கல்தான். எம்-சாண்ட் இன்னும் மோசம்.

பிறகு குழாயடியிலிருந்தும் மற்ற அடர்ந்த இடங்களிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாகத் தண்டுகளை வேரோடு எடுங்கள். ஒரே இடத்தில் மொத்தமாக எடுத்து அங்கே சொட்டை ஆக்கிவிடாதீர்கள். மூன்று நான்கு கணுக்கள் இருக்கும் துண்டாக நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் அரை மணி நேரம் கிடந்தாலே துவண்டுவிடும். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலும் இருக்கும்படி ஊன்றி, விரலால் அழுத்திவிட வேண்டும். சதுர மீட்டருக்கு நூறு துண்டு வரும். ஒரு சதுர அடிப் பத்தையிலிருந்து பத்துச் சதுர அடிக்குக் குறையாமல் நடலாம். ஆள் கிடைக்கவில்லை என்றால் பழைய முறை ஒன்று உண்டு: துண்டுகளைச் சாணத்தோடும் மண்ணோடும் குழைத்துத் தரையில் பூசிவிடுவது. பரவலாக முளைக்கும், ஆனால் கனமழை வந்தால் கரைந்துபோகும். இந்த மாதத்தில் ஊன்றுவதையே நான் விரும்புகிறேன்.

நட்ட பிறகு பத்து நாட்கள் மட்டும் என் தண்ணீர் விதிக்கு விலக்கு. காலை, மாலை இரண்டு வேளையும் பூவாளியால் நனையுங்கள். புதுக்குருத்து தெரிந்ததும் ஒருவேளை, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் என்று குறைத்து வாரம் இரண்டுக்கு வந்துவிடுங்கள். நான்காவது வாரத்தில் சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியாவைத் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். மறுநாள் பெருமழை என்று வானிலை மையம் சொல்லியிருந்தால் அன்று போட வேண்டாம், உரமும் ஓடிவிடும். இடது மூலையில் ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் தேங்குகிறது என்றீர்கள். அருகு இரண்டு நாள் தாங்கும், ஒரு வாரம் தாங்காது. அந்த மூலையிலிருந்து மழைநீர்த் தொட்டிக்கு விரற்கடை ஆழத்தில் ஒரு வாய்க்கால் கீறிவிட்டால் போதும்.

துண்டுகள் ஒன்றையொன்று தொட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மேகமூட்டமான நவம்பரில் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அப்போது தளர்ந்துவிடாதீர்கள், அது கீழே வேரை இறக்கும் நேரம். பொங்கலுக்குள் மண் மறைந்துவிட வேண்டும்.

நான்கு வாரம் கழித்து எனக்கு ஒரே ஒரு படம் அனுப்புங்கள். தரை முழுவதும் வேண்டாம். நீங்கள் ஊன்றிய துண்டுகளில் ஏதாவது ஒன்றை, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். தண்டு நாணயத்தைத் தாண்டி ஓடியிருந்தால் யூரியாவைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். ஓடவில்லை என்றால் அந்த இடத்து மண்ணை ஒரு கைப்பிடி சோதனைக்குக் கொடுத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
தோட்டக்கலை ஆலோசகர்